டெட்லைன்: அந்தக் கோட்டைப் போட்டது யார்?

ஓசூர் சிப்காட்டில் எந்தக் கம்பெனி கேன்டீனில் உட்கார்ந்தாலும் டீ ஆறுவதற்குள் 'டெட்லைன்' என்ற சொல் காதில் விழுந்துவிடும். புரொடக்‌ஷன் சூப்பர்வைசர் சொல்வார், டிஸ்பேட்ச் பார்ப்பவர் சொல்வார், பர்ச்சேஸ் ஆள் போனில் கெஞ்சும்போது சொல்வார். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து புழங்கும் ஊர் இது. மூன்று மொழிக்காரர்களுக்கும் அந்தச் சொல் பொதுச் சொத்தாகிவிட்டது. "இருபத்தஞ்சு டெட்லைனுங்ணா, தாண்டக் கூடாது" என்றால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. ஆனால் அந்தச் சொல்லுக்குள் சாவு ஏன் வந்தது, கோடு ஏன் வந்தது என்று கேட்டுப் பாருங்கள். சும்மா பயமுறுத்த வைத்த பெயர் என்பார்கள். சும்மா வைத்ததல்ல. ஒரு காலத்தில் அது தரையில் போட்ட கோடு. தாண்டியவர்களைச் சுட்டார்கள்.

1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் வட மாநிலங்களுக்கும் தென் மாநிலங்களுக்கும் இடையே உள்நாட்டுப் போர் நடந்தது. தென் தரப்பு தன்னிடம் சிக்கிய வட தரப்புப் படைவீரர்களை அடைக்க 1864 பிப்ரவரியில் ஜார்ஜியா மாநிலத்தின் ஆண்டர்சன்வில்லில் ஒரு முகாமைத் திறந்தது. கைதிகளுக்கென்று கட்டடம் எதுவும் கட்டவில்லை. பைன் மரத் தடிகளை நெருக்கி நட்ட உயரமான மதில், அதை ஒட்டி வரிசையாகக் காவல் பரண்கள், நடுவில் வெட்டவெளி, அவ்வளவுதான். 10,000 பேருக்கென்று திட்டமிட்ட இடத்தில் அந்த ஆகஸ்டில் 30,000-க்கும் அதிகமானோர் இருந்தார்கள். போர் முடிவதற்குள் உள்ளே போனவர்கள் சுமார் 45,000 பேர். அவர்களில் ஏறக்குறைய 13,000 பேர் அங்கேயே இறந்தார்கள்.

மதிலிலிருந்து உள்பக்கம் சுமார் 20 அடி தள்ளி, முகாமைச் சுற்றி இன்னொரு எல்லை இருந்தது. சின்னச் சின்னக் குச்சிகளை நட்டு அவற்றின் தலையில் மரச்சட்டம் அடித்திருந்தார்கள். ஒரு சிறுவன் நினைத்தால் தாண்டிவிடலாம். அதற்குத்தான் 'டெட் லைன்' என்று பெயர். தாண்டுவது இருக்கட்டும், அதைத் தொட்டாலோ அதன் மேல் சாய்ந்தாலோ அடியில் கை நீட்டினாலோ பரணில் நிற்பவர் சுட வேண்டும் என்பது உத்தரவு.

முகாமின் நடுவே ஒரு ஓடை ஓடியது. குடிப்பதற்கும் குளிப்பதற்கும் அதே தண்ணீர், கழிவு போனதும் அதே தண்ணீரில்தான். ஓடை மதிலுக்குள் நுழையும் மேல்முனையில் மட்டும் தண்ணீர் கொஞ்சம் தெளிவாக இருக்கும். கோடும் அங்கேதான் இருந்தது. நல்ல தண்ணீருக்காகக் கையைக் கொஞ்சம் அதிகமாக நீட்டியவர்கள் சுடப்பட்டதைப் பிழைத்து வந்தவர்கள் பின்னால் சாட்சியாகச் சொன்னார்கள். முகாமில் பெரும்பாலானோரைக் கொன்றது துப்பாக்கி அல்ல. வயிற்றுப்போக்கும் சீதபேதியும், வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயும்தான். ஆனாலும் வெளியே வந்தவர்களின் நினைவில் ஆழமாகப் பதிந்திருந்தது அந்தக் கோடு. வட தரப்பின் சிறை முகாம்களிலும் இப்படிப்பட்ட கோடுகள் இருந்தன.

போர் முடிந்ததும் முகாமின் பொறுப்பாளராக இருந்த கேப்டன் ஹென்றி விர்ஸ் ராணுவ விசாரணைக்குக் கொண்டுவரப்பட்டு, 1865 நவம்பர் 10 அன்று வாஷிங்டனில் தூக்கிலிடப்பட்டார். அவர் மீதான குற்றப்பத்திரிகையில் இந்தக் கோட்டைப் பற்றியும் எழுதியிருந்தார்கள். அதில் ஒரு விவரம் என்னை விடவே இல்லை. அந்தக் கோடு பல இடங்களில் வெறும் கற்பனைக் கோடாகவே இருந்ததாம். மற்ற இடங்களில் உறுதியில்லாத குச்சிகளின் மேல் இடம் மாறிக்கொண்டிருக்கும் பலகைகளாம். கண்ணுக்குத் தெரியாத, நேற்று இருந்த இடத்தில் இன்று இல்லாத ஒரு கோடு. ஆனால் அதை மீறியதற்கான தண்டனை மட்டும் மாறாதது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தக் கோட்டுக்கு அப்பால் பள்ளமோ நெருப்போ கிடையாது. அதே செம்மண் தரை, அதற்குப் பின்னால் மதில். கைதிகள் மதிலை நெருங்காமலிருக்கவும் அதன் அடியில் சுரங்கம் தோண்டாமலிருக்கவும் போட்ட எல்லை அது. ஆபத்து அந்த இடத்தில் இல்லை, கோட்டைப் போட்டவர்களிடம் இருந்தது. அலுவலகத்தில் நாம் தினமும் சொல்லும் டெட்லைன்களில் பாதியைப் புரிந்துகொள்ள இந்த ஒரு விஷயம் போதும் என்று நினைக்கிறேன்.

சிறைக்கு வெளியே வந்த பிறகும் அந்தச் சொல் கொஞ்ச காலம் இடத்தைத்தான் குறித்தது. 1880-ல் நியூயார்க் போலீஸ் அதிகாரி தாமஸ் பைர்ன்ஸ், வால் ஸ்ட்ரீட் பகுதியின் வங்கிகளையும் நகைக்கடைகளையும் காப்பாற்ற ஃபுல்டன் தெருவை ஒரு 'டெட் லைன்' என்று அறிவித்தார். பழைய திருடர்கள் யாராவது அந்தத் தெருவுக்குத் தெற்கே தென்பட்டால் அந்த இடத்திலேயே கைது. இங்கே துப்பாக்கி போய் விலங்கு வந்துவிட்டது. கோடு அப்படியே இருந்தது.

அடுத்து அச்சகத்துக்கு வந்தது. ஈய எழுத்துகளைக் கோத்துச் சட்டத்தில் இறுக்கி, அச்சு எந்திரத்தின் படுகையில் வைப்பார்கள். மேலே உருளை ஓடும். உருளை அழுத்தக்கூடிய பரப்புக்கு ஒரு எல்லை உண்டு. அந்த எல்லையைப் படுகையிலேயே கோடாகக் குறித்திருப்பார்கள். கோட்டைத் தாண்டி எழுத்து இருந்தால் அது தாளில் பதியாது. 1910-களின் அச்சுத் தொழில் எழுத்துகளில் இந்தப் பொருளில் சொல் வருகிறது. சிறைக்கோட்டை நினைத்துத்தான் அச்சகக்காரர்கள் இந்தப் பெயரை வைத்தார்களா என்பதில் அகராதிக்காரர்களிடம் ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் 1920-க்குள் அமெரிக்கப் பத்திரிகை அலுவலகங்களில் அந்தச் சொல் இடத்தை விட்டு நேரத்துக்கு மாறிவிட்டது என்பதில் சந்தேகம் இல்லை. அந்த ஆண்டு, பத்திரிகையாளர்களைப் பற்றி வந்த ஒரு மௌனப் படத்தின் தலைப்பிலேயே அது இருந்தது.

பத்திரிகைக்கு அந்தச் சொல் ஏன் அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியது என்று பார்க்க அமெரிக்கா போக வேண்டியதில்லை. தர்மபுரிச் செய்தி சேலத்தில் அச்சாகி விடிவதற்குள் பாலக்கோட்டுக்கும் பென்னாகரத்துக்கும் வர வேண்டும் என்றால், ராத்திரி இத்தனை மணிக்கு வண்டி கிளம்பியாக வேண்டும். வண்டி கிளம்ப எந்திரம் ஓட வேண்டும், எந்திரம் ஓட பக்கம் முடிய வேண்டும். இணையம் வராத நாட்களில் மாவட்டச் செய்தியாளர்கள் செய்தியையும் படச்சுருளையும் கவரில் போட்டு பஸ்ஸில் கொடுத்தனுப்புவார்கள். பஸ்ஸைத் தவறவிட்டால் மறுநாள் தாளில் அந்தச் செய்தி இருக்காது. அந்தக் கோட்டுக்குப் பின்னால் காரணம் இருந்தது. அது செய்தியாளருக்கும் தெரியும், ஆசிரியருக்கும் தெரியும், பஸ் கண்டக்டருக்கும் தெரியும்.

பத்திரிகையிலிருந்து கம்பெனிக்கு வந்தபோது சொல் வந்தது, காரணம் கூடவே வரவில்லை.

நம் ஊர்ப் பேச்சில் இதற்கு முன்னால் கெடு இருந்தது, தவணை இருந்தது, வாய்தா இருந்தது. இவற்றோடு சேர்ந்து வரும் வினைகளைப் பாருங்கள். கெடு விதிக்கிறார்கள், தவணை கேட்கிறார்கள், வாய்தா வாங்குகிறார்கள். விதிப்பவர் யார், கேட்பவர் யார் என்பது பேச்சிலேயே தெரிந்துவிடும். டெட்லைனை மட்டும் நாம் "டெட்லைன் இருக்கு" என்று சொல்லப் பழகிவிட்டோம். மழை இருக்கு, வெயில் இருக்கு என்பது போல. யாரோ ஒருவர் ஒரு மேஜையில் உட்கார்ந்து காலண்டரைப் பார்த்து எழுதிய தேதி, இயற்கையாக முளைத்த ஒன்றைப் போல நம் முன்னால் நிற்கிறது.

இயற்கையாகவே வரும் கோடுகளும் உண்டு. அவற்றை தர்மபுரி, கிருஷ்ணகிரி என்ற இந்த இரண்டு மாவட்டங்களில் பார்ப்பது போல வேறு எங்கும் பார்க்க முடியுமா தெரியவில்லை.

தர்மபுரி பட்டுக்கூடு அங்காடிக்குக் கூடு கொண்டுவரும் விவசாயியை எடுத்துக்கொள்ளுங்கள். புழு மல்பெரி இலையைத் தின்று முடித்து, உடல் கண்ணாடி போல் தெளிந்ததும், கூடு கட்டுவதற்கான தட்டான சந்திரிகையில் விடுவார்கள். இரண்டு மூன்று நாளில் கூடு கட்டி முடிக்கும். உடனே அறுத்துவிட முடியாது. உள்ளே கூட்டுப்புழு தோல் இறுகாமல் இளசாக இருக்கும்; அவசரப்பட்டால் நசுங்கிக் கூடு கறைபடும், விலை போகாது. ஐந்தாறு நாள் விட்டு எடுக்க வேண்டும். அதற்காகத் தாமதிக்கவும் முடியாது. ஒவ்வொரு நாளும் கூட்டின் எடை கொஞ்சம் குறையும், எடைக்குத்தான் காசு. ஏறத்தாழ இரண்டு வாரத்தில் உள்ளே இருப்பது அந்துப்பூச்சியாகி, எச்சிலால் கூட்டின் முனையை இளக்கித் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். துளை விழுந்த கூட்டில் நூல் தொடர்ச்சியாக வராது. ஒரே இழையாக ஆயிரம் மீட்டர் அளவுக்கு வர வேண்டியது துண்டு துண்டாகிவிடும். அறுப்பதற்கும் விற்பதற்கும் நூற்பவர் அந்தப் புழுவைச் சூட்டில் வைத்து அடக்குவதற்கும் உள்ள காலம் அந்தச் சில நாட்கள்தான். அங்காடி அதிகாரியோ நூற்பாளரோ அந்தக் கோட்டைப் போடவில்லை, பூச்சிதான் போட்டது. கெஞ்சினாலும் நகராது, மிரட்டினாலும் நகராது.

ஓசூர்ப் பக்கம் ரோஜா. பாகலூர், தளி, கெலமங்கலம் சுற்றுவட்டாரத்துப் பசுமைக்குடில்களில் பிப்ரவரி 14-க்கான வேலை டிசம்பரிலேயே தொடங்கிவிடும். கவாத்து செய்த கிளையில் துளிர் விட்டு மொட்டு வெட்டுக்கு வர ஆறேழு வாரம் பிடிக்கும். குளிர் கூடினால் இன்னும் இழுக்கும், வெயில் கூடினால் முந்திவிடும். பூ பிப்ரவரி 14 அன்று பூத்து என்ன பயன்? சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வளைகுடாவுக்கும் போக, அதற்குப் பல நாள் முன்பே இறுகிய மொட்டாக வெட்டி, குளிர் அறையில் வைத்து, காம்பின் நீளம் பார்த்துத் தரம் பிரித்து, கட்டுக்கு இருபதாகக் கட்டி, பெங்களூரு விமான நிலையத்துக்கு ஏற்றியிருக்க வேண்டும். அந்த நாளைக் குறித்தது மனிதர்கள்தான், செடிக்கும் காதலர் தினத்துக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் விவசாயிக்கு அது ஏன் அந்தத் தேதி என்று தெரியும். பதினைந்தாம் தேதி சந்தையில் விலை என்ன ஆகும் என்றும் தெரியும். தெரிந்ததால்தான் எந்த வரிசையை எப்போது வெட்டுவது, எந்த வரிசையை உள்ளூர்க் கல்யாணச் சந்தைக்கு விடுவது என்று அவராலேயே கணக்குப் போட முடிகிறது.

இப்போது சிப்காட்டுக்குத் திரும்புவோம். 1970-களில் தொடங்கிய இந்தத் தொழிற்பேட்டை, 1980-களில் லாரி, மொபெட், கைக்கடிகாரம் என்று பெரிய ஆலைகள் வந்ததும் வளர்ந்தது. ஒவ்வொரு பெரிய ஆலைக்கும் பின்னால் பாகங்கள் செய்து கொடுக்கும் வெண்டர்கள் வரிசையாக, வெண்டருக்குப் பின்னால் ஜாப் ஒர்க் செய்யும் சின்னப் பட்டறைகள். பெரிய ஆலையில் வண்டி கோக்கும் லைன் நின்றால் நஷ்டம் உடனே தெரியும், காரணமான வெண்டர் கணக்கில் டெபிட் விழும். அந்தக் கோடு உண்மையானது. லைன் நிற்பது பூச்சி வெளியே வருவது போலத்தான்.

சிக்கல் நடுவில் வருகிறது. ஆலைக்குப் பாகம் 30-ம் தேதி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஆலையின் பர்ச்சேஸ் வெண்டரிடம் 25 என்பார், கையில் நாலு நாள் இருக்கட்டும் என்று. வெண்டரின் மேனேஜர் தன் பிளானிங் ஆளிடம் 20 என்பார். பிளானிங் ஆள் பட்டறைக்காரரிடம் "பதினஞ்சு கடைசிங்ணா, அதுக்கு மேல ஒரு நாள் கூட இல்ல" என்பார். ஒவ்வொருவரும் தன் பயத்துக்கு ஏற்ப நாலைந்து நாள் முன்னே இழுத்துவிட்டார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஆனால் கடைசியில் இருக்கும் பட்டறையில் இரண்டு பேர் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி விழித்து லேத்தில் நிற்பார்கள். பீஸ் 15-ம் தேதி காலையில் வெண்டர் ஸ்டோருக்குப் போய் இரண்டு வாரம் ரேக்கில் கிடக்கும். அடுத்த வாரம் டெலிவரிக்குப் போகிற பட்டறைப் பையன் அதே ரேக்கில் அதே டப்பாவைப் பார்ப்பான். அதற்குப் பிறகு யார் "கடைசி" என்று சொன்னாலும் அந்தப் பட்டறை நம்பாது. ஒருநாள் உண்மையிலேயே லைன் நிற்கப் போகிறது என்று போன் வரும்போதும் நம்பாது. ஆண்டர்சன்வில்லின் நகரும் பலகைகள் எனக்கு ஞாபகம் வருவது இந்த இடத்தில்தான்.

இதே பட்டறைக்குப் பக்கத்தில், பாகங்களைச் சூடாக்கிக் கடினப்படுத்தும் ஹீட் ட்ரீட்மென்ட் யூனிட் இருக்கும். கியரின் மேல்தோலுக்குள் கேட்ட ஆழத்துக்குக் கார்பன் இறங்க ஃபர்னஸில் மணிக்கணக்காக வைத்திருக்க வேண்டும். ஆழம் கூடக் கூட நேரம் அதைவிட வேகமாகக் கூடும். இரண்டு மடங்கு ஆழத்துக்குச் சுமார் நான்கு மடங்கு நேரம். எந்த மேனேஜர் வந்து நின்றாலும் அது சீக்கிரம் இறங்காது. ஆகவே அங்கே யாரும் மிரட்டுவதில்லை, "எப்ப சார் சார்ஜ் எடுப்பீங்க?" என்று, ஃபர்னஸில் ஏற்றிய சரக்கு எப்போது வெளியே வரும் என்பதை மட்டும் கேட்டுவிட்டுப் போவார்கள். மனிதன் கையால் செய்யும் வேலைக்கு மட்டும் அந்த மரியாதை கிடைப்பதில்லை. ராத்திரி விழித்தால் முடிந்துவிடும் என்ற எண்ணம் எப்போதும் உண்டு. 1948-ன் தொழிற்சாலைச் சட்டம் நாளுக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வைத்து, அதற்கு மேல் போனால் இரட்டைக் கூலி என்று எழுதியது இதை மனதில் வைத்துத்தான் என்று எனக்குப் படுகிறது. அவசரத்தின் செலவு அவசரப்படுத்துபவர் தலையில் விழ வேண்டும் என்பது அதன் நியாயம். சின்னப் பட்டறையில் அந்த இரட்டைக் கூலியைக் கேட்க வாய் வருவதில்லை.

தேதி தப்புவதில் வேலை செய்பவர்களுக்கும் பங்கு உண்டு. 1979-ல் டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள், மனிதர்கள் தங்கள் வேலைக்கு ஆகும் நேரத்தைக் குறைவாகவே மதிப்பிடுகிறார்கள் என்று எழுதினார்கள். 1994-ல் ரோஜர் பியூலரும் அவருடைய சகாக்களும் கனடாவில் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஆய்வேட்டை எப்போது முடிப்பீர்கள் என்று மாணவர்களைக் கேட்டபோது சராசரியாக 34 நாள் என்றார்கள், உண்மையில் 55 நாளுக்கு மேல் ஆனது. சொன்ன நாளில் முடித்தவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இதைப் படித்தபோது எனக்கு ஓசூர் பட்டறைக்காரர்களின் "ரெண்டு நாள்ல குடுத்துறலாம் சார்" நினைவுக்கு வந்தது. பொய் சொல்ல வேண்டும் என்று அவர்கள் சொல்வதில்லை. எல்லாம் சரியாக நடந்தால் இரண்டு நாள்தான். கரண்ட் போகாமல், டூல் உடையாமல், மெட்டீரியல் நேரத்துக்கு வந்து, போன மாதம் பாக்கி வைத்த பார்ட்டி பணம் கொடுத்துவிட்டால் இரண்டு நாள்தான். பர்ச்சேஸ் ஆளுக்கு இது தெரியும் என்பதால் அவர் தேதியை முன்னே இழுக்கிறார். பட்டறைக்காரருக்கு அது தெரியும் என்பதால் பின்னே தள்ளுகிறார். இருவரும் ஒருவரையொருவர் நன்றாகப் புரிந்துகொண்டே இருவருமாகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

கிருஷ்ணகிரியில் ஜூன், ஜூலையில் மாங்கூழ் தொழிற்சாலை வாசல்களில் பெங்களூரா மாங்காய் ஏற்றிய வண்டிகள் வரிசை கட்டி நிற்கும்போது இரண்டு கோடும் ஒன்றாக மோதுவதைப் பார்க்கலாம். போச்சம்பள்ளியிலிருந்தும் காவேரிப்பட்டணத்திலிருந்தும் வந்த காய் வண்டியிலேயே பழுக்கத் தொடங்கும். அது பழத்தின் கோடு, நகராது. எந்த வண்டியை எப்போது உள்ளே விடுவது என்பது மனிதர்கள் போட்ட கோடு. பழுத்துக்கொண்டிருக்கும் சரக்கை வைத்துக்கொண்டு காத்திருப்பவருக்கு விலை பேச முடியாது. நகராத கோடு ஒருவர் பக்கத்திலும் நகரக்கூடிய கோடு இன்னொருவர் பக்கத்திலும் இருந்தால் பேரம் எப்படி முடியும் என்பது அந்த வரிசையில் நிற்கும் டிரைவருக்கும் தெரியும்.

ஆர்டர் கொடுப்பவர்கள் தேதிக்குப் பக்கத்தில் அதன் காரணத்தையும் எழுத வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். '25-ம் தேதி' என்று மட்டும் வந்தால் பட்டறைக்காரர் செய்யக்கூடியது இரண்டே. முடியும் என்று தலையாட்டலாம், அல்லது தவணை கேட்கலாம். '25-ம் தேதி, 27 அன்று சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் மூடுகிறது' என்று வந்தால் அவர் யோசிக்கத் தொடங்குவார். 26 காலையில் வண்டியை ஆர்டர் கொடுத்த கம்பெனிக்கு அனுப்பாமல் நேராகச் சென்னைக்கே அனுப்பினால் போதுமா என்பார். ஆயிரம் பீஸில் அறுநூறு முதல் கன்டெய்னருக்குப் போதுமா என்பார். ஓசூரில் சில பிளானிங் ஆட்கள் ஷெட்யூல் தாளிலேயே ஒவ்வொரு பாகத்துக்கும் எதிரே 'லைனில் 2 நாள் ஸ்டாக்', 'லைனில் 9 நாள் ஸ்டாக்' என்று எழுதி அனுப்புகிறார்கள். அந்தத் தாள் கைக்கு வந்ததும் எந்த பீஸை முதலில் மெஷினில் ஏற்றுவது, எதைத் திங்கட்கிழமைக்கு விடலாம் என்று பட்டறைக்காரரே முடிவு செய்துகொள்கிறார்.